மாக்கல்லில் ஊற்றிய ஈயம்

ஈயத்தை உருக்குவதில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. ஒரு இரும்புக் கரண்டியும் கரி அடுப்பும் இருந்தால் யார் வேண்டுமானாலும் உருக்கலாம். உருக்கியதை எதில் ஊற்றுவது, எப்படி ஊற்றுவது என்பதில்தான் வேலையே இருக்கிறது. இதை நான் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்பது ஒரு காரணம். யார் எதைச் சொல்ல வந்தாலும் ‘அதெல்லாம் எனக்குத் தெரியும்’ என்று முந்திக்கொள்ளும் பழக்கம் எனக்கு இருந்தது இன்னொரு காரணம்.

கள்ளக்குறிச்சியில் அப்போது ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். ஒரு மேசை, ஒரு பெஞ்சு, பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன், சுவர்ப் பலகை முழுக்க முதுகு திறந்து கிடக்கும் ரேடியோக்கள், அவ்வளவுதான் கடை. கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மனைவிக்குச் சங்கராபுரம் பக்கம். ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, இன்டர்வியூ கார்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். தபால்காரரின் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டால், அடுப்பில் எது கொதித்தாலும் அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். அவளோடு படித்த இரண்டு பேருக்குக் கார்டு வந்துவிட்டது. அடுத்தது தனக்குத்தான் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

எனக்கு இருந்த ஆசை மீன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சைக்கிளில் மூங்கில் கோலைக் கட்டிக்கொண்டு, வடக்கனந்தல் வழியாகக் கோமுகி அணைப் பக்கம் போய்விடுவேன். அணைக்குள் பிடிக்க விடமாட்டார்கள். மதகுக்குக் கீழே ஆற்றில் தேங்கிக் கிடக்கும் மடுக்களில் யாரும் கேட்பதில்லை. மண்புழு கோத்துக் கெண்டை பிடிப்பேன், கெளுத்தி பிடிப்பேன். விரால் மட்டும் எனக்குச் சிக்காது.

அணையில் வேலை பார்த்த ஓவர்சியர் ஒருவர் தன் டிரான்சிஸ்டரை என்னிடம்தான் பழுது பார்ப்பார். மாற்றலாகிப் போகும்போது ஒரு தீப்பெட்டியை என் மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். உள்ளே மூன்று முட்கள் இருந்தன. முள் என்றால் நாம் பார்க்கிற சாதாரணத் தூண்டில் முள் இல்லை. கழுத்துப் பக்கம் மடங்கி, அந்த மடிப்பைச் சுற்றித் தலை போலப் புளியங்கொட்டை அளவுக்கு ஈயம் வார்த்திருந்தது. ஈயத்துக்குப் பின்னால் வெள்ளை முடி கட்டியிருந்தது. அதை ஜிக் என்றார். புழுவும் வேண்டாம், தவளையும் வேண்டாம். வீசி, அடியில் தொடவிட்டு, கோல் நுனியைச் சுண்டிச் சுண்டி இழுத்தால் குஞ்சு மீன் துள்ளுகிற மாதிரி துள்ளும். விரால் கோபத்தில் வந்து கடிக்கும் என்றார். கோபத்திலா பசியிலா என்று விராலைத்தான் கேட்க வேண்டும். ஆனால் கடித்தது. மூன்றே வாரத்தில் நான்கு விரால் பிடித்தேன். நான்காவது வாரத்துக்குள் மூன்று முள்ளும் பாறை இடுக்கில் மாட்டி அறுந்து போய்விட்டன.

புதுச்சேரியில் கிடைக்கும் என்று ஓவர்சியர் சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கிவரலாம் என்று இருந்தபோதுதான் பஸ் நின்றுபோனது.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து மாவட்டங்கள் முழுக்கச் சாலை மறியல் நடந்த வருஷங்கள் அவை. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. சந்தைக்குக் காய்கறி வரவில்லை, மண்ணெண்ணெய் வரவில்லை, தபாலும் வரவில்லை. என் மனைவிக்குக் கடைசியாகச் சொன்னதுதான் பெரிய கவலை. நாங்கள் யார் பக்கம் என்று கேட்டால், வேலைக்கான கார்டை எதிர்பார்த்து ஒருத்தி உட்கார்ந்திருக்கும் வீட்டில் அந்தப் பேச்சு சோற்றுத் தட்டு வரைக்கும் வரும் என்று மட்டும் சொல்லலாம். அதற்கு மேல் இங்கே வேண்டாம்.

செய்தி கேட்பதற்காக முதல் இரண்டு நாள் என் கடையில் கூட்டம். பாதி கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவைப் பாடவிட்டேன். மூன்றாம் நாள் அந்தப் பாதிக் கதவையும் சாத்தச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்தேன். சும்மா உட்கார்ந்தால் எனக்குக் கை பரபரக்கும். அந்த முள்ளை நாமே வார்த்தால் என்ன என்று தோன்றியது அப்போதுதான். நாளெல்லாம் ஈயப் பற்று வைப்பவன், எனக்குத் தெரியாத ஈயமா என்று நினைத்தேன்.

காயலான் கடை பாயிடம் போனேன். அவர் கடையும் சாத்தியிருந்தது, ஆனால் பின்பக்கமாகப் போனால் ஆள் இருப்பார்.

“பாய், ஈயம் இருக்கா?”

“இன்னாத்துக்கு?”

“மீன் புடிக்க.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். கல்வராயன் மலையில் நாட்டுத் துப்பாக்கிக்கு ரவை உருட்டுகிறவர்களும் ஈயம்தான் தேடி வருவார்கள் என்பது அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

“தம்பி, ஊரு இருக்கற இருப்புல ஈயம் ஈயம்னு கேட்டுக்கினு தெருவுல திரியாதே. மீனுன்னு சொன்னா நான் நம்புவேன். ஜீப்புல வர்றவன் நம்புவானா?”

பழைய கேபிள் மேலிருந்து உரித்த ஈய உறை ஒரு சுருள் வைத்திருந்தார். பேட்டரித் தகட்டைக் காட்டி இது பரவாயில்லையா என்று கேட்டேன். “அது வாணாம். ஆசிட்டு ஊறிக்கினு கெடக்கும். உருக்குனா நெஞ்சக் கட்டிக்கும்” என்றார். தெரியும் என்றேன். தெரியாது. சுருளின் மேல் ஒரு கோணியைப் போட்டுக் கட்டி, “தவுடுன்னு சொல்லு” என்று அனுப்பிவைத்தார். நல்ல வேளை, வழியில் யாரும் கேட்கவில்லை. நான் சைக்கிளை மிதித்த வேகத்தைப் பார்த்தால் தவிடு என்று ஒரு மாடுகூட நம்பியிருக்காது.

முதலில் களிமண்ணில் அச்சு செய்து பார்த்தேன். ஈரக் களிமண்ணில் புளியங்கொட்டையை அழுத்தி எடுத்து இரண்டு நாள் காயவைத்தேன். காய்ந்ததும் வெடித்துவிட்டது. செங்கல்லில் குழி தோண்டினேன். வந்த குண்டு சீத்தாப்பழத் தோல் மாதிரி முண்டும் முடிச்சுமாக இருந்தது. அதை விராலுக்குக் காட்டினால் அது தண்ணீரை விட்டே ஓடிவிடும்.

அப்போதுதான் தெருவில் கோலமாவுக்காரி வந்தாள். மறியலுக்கு அவள் மட்டும் கட்டுப்படவில்லை, கூடையோடு நடந்தே வந்திருந்தாள். பொடியோடு, இடிக்காத மாக்கல் கட்டிகளும் கூடையில் வைத்திருப்பாள். மாக்கல் கத்திக்கு வெட்டுப்படும், நெருப்புக்கு வெடிக்காது. அதில்தான் கல்சட்டி செய்கிறார்கள். இருந்ததிலேயே பெரிய கட்டியாகப் பொறுக்கினேன். கோலமாவுக் கூடைக்கு முன்னால் ஒரு ஆம்பிள்ளை குந்தி உட்கார்ந்து பேரம் பேசுவதைப் பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

“இன்னாங்க, இனிமே வாசல்ல கோலமும் நீங்கதான் போடப் போறீங்களா?” என்றாள் என் மனைவி.

“போட்டா நீ போடறத விட நல்லாத்தான் இருக்கும்” என்றேன். அன்று சாம்பாரில் உப்பு ஜாஸ்தி.

கல்லை ஆக்ஸா பிளேடால் இரண்டாக அறுத்தேன். அறுத்த முகங்களைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சமமாக்கினேன். இரண்டையும் ஒட்டிவைத்தால் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது, அதுதான் கணக்கு. பிறகு பழைய ஸ்குரூ டிரைவரைத் தீட்டி, இரண்டு முகத்திலும் பாதிப் பாதியாகப் புளியங்கொட்டைக் குழி சுரண்டினேன். முள் படுப்பதற்கு ஒரு கோடு, மேலே ஈயம் இறங்க வாய், காற்று வெளியேற நகக்கீறல் போல ஒரு கீறல். இரண்டு பாதியும் நகராமல் இருக்கச் சைக்கிள் கம்பியை நறுக்கி இரண்டு குச்சி இறக்கினேன். கட்டுவதற்குச் சைக்கிள் டியூப். கையிலிருந்த சாதாரண முள்ளின் கழுத்தை மடக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. குறடால் மடக்கினால் பட்டென்று ஒடிந்துவிடும். நான்கு முள் ஒடிந்த பிறகு, விளக்கில் சிவக்கக் காய்ச்சி மடக்கக் கற்றேன்.

உருக்குவதற்குத் தாளிக்கிற கரண்டியை எடுத்தேன். நீளக் கைப்பிடி, நல்ல இரும்பு, இதற்கென்றே செய்தது போல இருந்தது. கேட்காமல் எடுத்தது என் தப்பு. மண்ணெண்ணெய் இல்லாததால் கும்முட்டி அடுப்பில் கொட்டாங்கச்சிக் கரி போட்டு, புழக்கடையில் காற்றோட்டமாக உட்கார்ந்திருந்தேன். துவைத்த துணியை எடுக்க வந்தவள் கரண்டியைப் பார்த்தாள்.

“இன்னா இது? இதுல நாளைக்கு நான் எப்படித் தாளிக்கறது? ஈயத்தத் துன்னுட்டு எல்லாரும் சாவறதுக்கா?”

“கழுவிட்டாப் போச்சு.”

“நீங்களே கழுவி, நீங்களே தாளிச்சி, நீங்களே துன்னுங்க. இனிமே வூட்டுக்குள்ள இந்தக் கரண்டி வரக் கூடாது.”

அவள் சொன்னதுதான் சரி. அந்தக் கரண்டி அதன் பிறகு சமையலறைக்குள் போகவில்லை. எனக்கும் அவளுக்கும் ஒரு வாரம் பேச்சு சரியாக இல்லை. நான் பாட்டுக்கு வேலையைப் பார்த்தேன்.

முதல் பத்துப் பதினைந்து வார்ப்பும் அரைத்தலையும் கால்தலையுமாக வந்தன. கல் குளிர்ந்திருந்தால் ஈயம் பாதி வழியிலேயே உறைந்துவிடுகிறது என்று புரிய இரண்டு நாள் ஆனது. அதன் பிறகு ஒரு ஒழுங்கு வந்தது. அச்சை அடுப்போரமாகக் கால் மணி நேரம் சாய்த்துவைத்து, தொட முடியாத அளவுக்குச் சூடேற்ற வேண்டும். குழிக்குள் சிம்னி விளக்கின் புகையைக் காட்டிக் கரி படியவிட்டால் ஈயம் வழுக்கிக்கொண்டு இறங்கும். உருகிய ஈயத்தின் மேல் மிதக்கும் கசடை ஒதுக்க வேண்டும். அதில் ஒரு தென்னை ஈர்க்கை விட்டு எடுத்தால் ஈர்க்கு பழுப்பாக வேண்டும், பற்றக் கூடாது. அதுதான் பதம். ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். எண்ணி முப்பது ஆனதும் டியூப்பை அவிழ்த்துப் பிரித்தால், கல்லுக்குள் வெள்ளி மாதிரி பளபளவென்று ஒரு தலை முள்ளோடு உட்கார்ந்திருக்கும். முதல் முழுத்தலை வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. காட்டுவதற்கு ஆளில்லை. பேசாதவளிடம் போய் எப்படிக் காட்டுவது?

கோழிக்கடையில் வெள்ளை இறகு பொறுக்கி வந்து, தையல் நூலால் இறுக்கிக் கட்டினேன். மறுநாளே அணைக்குக் கிளம்பினேன். வழியில் நான்கு இடத்தில் மரம் கிடந்தது. சைக்கிளைத் தோளில் தூக்கிக் கிளைகளுக்குள் நுழைந்து போனேன். ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். மீனுக்கு என்றேன். ஒருவர் சிரித்துவிட்டு, சைக்கிளின் பின்சக்கரத்தைப் பிடித்து அந்தப் பக்கம் இறக்கிவிட்டார்.

அன்று இரண்டு விரால். ஒன்று என் முழங்கை நீளம் இருந்தது. நான் வார்த்த தலையை, நான் கட்டிய இறகை, தொண்டை வரைக்கும் விழுங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து முற்றத்தில் போட்டேன். ஊரில் கத்தரிக்காய்கூடக் கிடைக்காத வாரம் அது. நாலு நாளாக வெறும் புளித்தண்ணியும் அப்பளமும் தின்றுகொண்டிருந்தோம். அவள் மீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சாம்பலை எடுத்துக்கொண்டு ஆய உட்கார்ந்தாள். குழம்பு கொதிக்கும்போது, “அந்த ஈயத்தக் கல்லுக்குள்ள எப்படி ஊத்துனீங்க?” என்று கேட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சோறு ஆறும்வரை விளக்கினேன்.

மறியல் தணிந்து, பகலில் மட்டும் பஸ் ஓடத் தொடங்கிய சமயத்தில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் ஆயுத பூஜை என்றால் எந்தச் சாமானும் தப்பாது. அரிவாள்மனை, உலக்கை, சைக்கிள், தையல் மெஷின் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிவிடுவார்கள். அன்று எதையும் எடுத்து வேலை செய்யக் கூடாது. மறுநாள் விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்து எடுத்து, ஒரு வேலையாவது தொடங்கிவிட வேண்டும். என் கடைச் சாமான்களை வழக்கம்போல அவள்தான் வீட்டுக்கு எடுத்துவந்து பொட்டு வைத்தாள். குறடு, ஸ்குரூ டிரைவர், மீட்டர். நான் பொரிகடலை வாங்கிக்கொண்டு வந்து பார்க்கும்போது, அந்த வரிசையில் கடைசியாக மாக்கல் அச்சும் தாளிக்கிற கரண்டியும் இருந்தன. அச்சைப் பிரித்து, உள்ளே படிந்திருந்த கரியெல்லாம் போகத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தாள். இரண்டு பாதிக்கும் குழிக்குள்ளேயே சந்தனம் இட்டு, மூடிக் கட்டி, மேலே பூ வைத்திருந்தாள்.

அந்தக் கரண்டி வீட்டுக்குள் வரக் கூடாது என்று சொன்னவள் அவள்தான். அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். கடையைத் திறந்து ஒரு ரேடியோவுக்குப் பற்று வைத்துவிட்டு வீட்டுக்கு வருவதற்கே பத்தேகால் ஆகிவிட்டது. அவள் அடுப்பை மூட்டி, கரண்டியில் ஈயத்தை உருக்கியே வைத்திருந்தாள். “சீக்கிரம் ஒண்ணாச்சும் ஊத்துங்க. நேரம் போவுது” என்றாள். புதுப் புடவை கட்டியிருந்தாள். அதுவரை நான் வார்க்கும்போது ஒரு நாளும் அந்த அடுப்புப் பக்கம் வராதவள், அன்று எனக்கு எதிரே கிட்டத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள்.

ஊற்றினேன். டப் என்று ஒரு சத்தம். உள்ளே போன ஈயம் மொத்தமும் வாய் வழியாகத் திரும்பி எகிறியது. என் முன்கையில் இரண்டு சொட்டு விழுந்தது. அவள் அலறவில்லை. வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் முதலில் சொன்ன வார்த்தை, “உன்ன யாரு அதக் கழுவச் சொன்னது?” என்பது. கையை எடு, பார்க்கிறேன் என்று சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவா என்று யாரையும் கூப்பிடவில்லை. அதைத்தான் சொன்னேன், அதுவும் கத்திச் சொன்னேன்.

ஊர் டாக்டர் பார்த்துவிட்டுப் பஞ்சை வைத்துக் கட்டினார். புருவத்தில் ஒன்று, இமை மேல் ஒன்று, கண்ணின் மூக்கோர மூலையில் ஒன்று. மூலையில் விழுந்தது உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தன்னால் சொல்ல முடியாது, இன்றைக்கே சேலம் போய்விடுங்கள் என்றார். அப்போதெல்லாம் ஐந்தாறு பஸ்ஸைச் சேர்த்து, முன்னால் ஒரு போலீஸ் ஜீப்போடு அனுப்புவார்கள். பஸ் ஸ்டாண்டில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். முன்கண்ணாடி உடைந்த பஸ் ஒன்றில் இடம் கிடைத்தது. சின்னசேலம் தாண்டி ஆத்தூர் வரைக்கும் ரோட்டின் இரு பக்கமும் வெட்டுண்ட புளியமரங்கள் ஓரம் தள்ளிக் கிடந்தன. காற்று நேராக முகத்தில் அடித்தது. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு என் தோளில் சாய்ந்திருந்தாள்.

“ஒரு கண்ணு தெரியலன்னா வேல குடுப்பாங்களா?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் ஒண்ணும் ஆவாது.”

“மெடிக்கல்ல கண்ணு பாப்பாங்க. எங்கூடப் படிச்சவ சொன்னா, எழுத்த தூரமா வச்சிப் படிக்கச் சொல்லுவாங்களாம்.” கொஞ்ச நேரம் கழித்து, “ஈரம் ஆவாதுன்னு எனக்குத் தெரியாதுங்க. சுத்தமா இருக்கட்டுமேன்னுதான் கழுவுனேன்” என்றாள்.

“சரி, வுடு” என்றேன். பெருந்தன்மையாகச் சொன்னேன்.

சேலத்தில் கண் ஆஸ்பத்திரியில் ஈயத் துணுக்கை எடுத்தார்கள். பார்வைக்குப் பழுது உண்டா என்று கட்டுப் பிரித்தால்தான் தெரியும், பத்து நாள் ஆகும் என்றார்கள். அந்தப் பத்து நாளும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பாய் போட்டுக் கிடந்தேன். அவளுக்குக் கார்டு வந்திருக்குமோ என்ற கவலை. யாரையாவது வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கார்டு வந்துவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். கட்டைப் பிரித்த அன்று டாக்டர் இடது கண்ணை மூடச் சொல்லி, சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் காட்டினார். மேலிருந்து கீழ் வரைக்கும் நிறுத்தாமல் படித்தாள். கடைசி வரி பொடி எழுத்து, எனக்கே தெரியவில்லை. படித்து முடித்துவிட்டு அழுதாள். நான் வெளியே வந்து அழுதேன்.

இமையில் தழும்பு நின்றுவிட்டது. தூங்கும்போது அந்தக் கண் முழுக்க மூடாது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரும், விவரம் தெரியாமல் அச்சைக் கழுவி இப்படிச் செய்துகொண்டாள் என்றார்கள். அவளும் அதையேதான் சொன்னாள். அடுத்த ஆயுத பூஜைக்கு, சாமான்களை அடுக்கிவிட்டு, “சந்தனத்த நீங்களே வச்சிருங்க, என் கை வாணாம்” என்றாள். நானே வைத்தேன். அச்சைக் கழுவாமல், கரியோடு, வெளிப்பக்கம் மட்டும் பொட்டு வைத்தேன். முள் வார்ப்பதை நான் விடவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடியும் தொடங்கினேன், ஆளில்லாத நேரமாகப் பார்த்து.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்கு எட்டாவது மாதம் நடக்கும்போது கார்டு வந்தது. இன்டர்வியூ முடிந்து, உத்தரவும் வந்து, மெடிக்கலுக்குக் கடலூர் போகச் சொன்னார்கள். குழந்தையை என் அக்காவிடம் விட்டுவிட்டு இருவரும் போனோம். பலகையை இங்கேயும் நிறுத்தாமல் படித்தாள். சான்றில் கையெழுத்துப் போடும்போது டாக்டர் தலையைத் தூக்கி, இமையில் என்ன தழும்பு என்று கேட்டார்.

“சூடான ஈயம் தெறிச்சிது சார். என் தப்புதான். ஈரத்தோட வச்சிட்டேன்.”

“படிச்ச பொண்ணு, ஜாக்கிரதையா இருக்கறதில்லையாம்மா? ஒரு நூல் தள்ளி விழுந்திருந்தா இந்தக் கையெழுத்து கிடையாது, தெரியுமா?”

“தெரியும் சார்” என்று தலையைக் குனிந்துகொண்டாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பும்போது பஸ் விருத்தாசலம் தாண்டியது. சான்று இருந்த கவரை மடியில் வைத்து, காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போது சொன்னேன். அன்று ஊற்றுவதற்கு முன்னால் அச்சை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன் என்று சொன்னேன். குழிக்குள் சந்தனம் காயவில்லை. விரலால் வழித்தேன், சில்லென்று இருந்தது. மாக்கல் நனைந்தால் கறுக்கும். குழியைச் சுற்றி ஒரு விரற்கடைக்குக் கறுப்பாக இருந்தது. கால் மணி நேரம் அடுப்பில் காய வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே மூடிக் கட்டி ஊற்றினேன்.

“ஏன்?” என்றாள்.

“நீ பாத்துக்கினு இருந்த. நேரம் போவுதுன்ன. சட்டுனு ஒண்ணு எடுத்து உன் கையில குடுக்கணும்னு இருந்துது.”

அதை அவள் ஏற்றுக்கொண்ட மாதிரிதான் இருந்தது. வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கரும்பு ஏற்றிய வண்டிகள் இரண்டு கடந்து போயின. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“கொழந்தைக்கு மொதல் சோறு ஊட்டறப்ப, உங்க அக்கா கிண்ணத்த என் கையிலதான் குடுத்தாங்க. நான் வாங்கல. என் கை ஆவாத கைன்னு நெனச்சிக்கினு நீங்களே ஊட்டுங்கன்னு அவங்க கையில குடுத்தேன். நீங்க அங்கதான இருந்தீங்க?”

இருந்தேன். அவள் கிண்ணத்தை அக்காவிடம் கொடுத்ததையும் பார்த்தேன். மூத்தவள் என்று மரியாதைக்குக் கொடுக்கிறாள், நல்ல பழக்கம் என்று நினைத்து உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன். இதையும் அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவள் கவரை எடுத்துக்கொண்டாள். எழுந்து, கம்பியைப் பிடித்தபடி நடந்து, முன்னால் பெண்கள் சீட்டில் காலியாக இருந்த ஒரு இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். கள்ளக்குறிச்சி வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.